பத்துக்குப் பத்து

ஐந்து எச்பி பம்பு ஒன்றின் எஃபிஷியன்சி மூன்று வாரமாக 50 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது, வந்து பாருங்கள் என்று கணபதி பகுதியில் இருக்கும் ஒரு பம்பு கம்பெனியிலிருந்து போன். பம்பு பார்ப்பது என் வேலை இல்லை. பம்பை அளக்கிற கருவியைப் பார்ப்பவன் நான். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து கோயம்புத்தூரில் இதே பிழைப்பு. பெரும்பாலும் பம்பின் மேல் ஆத்திரம் தீர்ந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

அங்கேயும் அப்படித்தான். வார்ப்பு சொரசொரப்பாக இருக்கிறது என்று ஃபவுண்டரியில் சண்டை போட்டு முடித்திருந்தார்கள். தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரை உள்ளே பாலிஷ் போட்டாயிற்று. வைண்டிங் கம்பியை ஒரு கேஜ் ஏற்றிப் பார்த்தாயிற்று. தண்டு சுற்றுகிற புஷ்ஷின் இடைவெளியைக் குறைத்து, அதனால் ஒரு பம்பு ஜாம் ஆகி, மறுபடி கூட்டியாயிற்று. வாங்குபவரிடம் 51 சதவீதம் என்று சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் 50.1 என்கிறது. எதைச் செய்தாலும் 50.1, 50.2.

கணக்கு சின்னதுதான். வினாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் ஹெட் (தூக்குகிற உயரம்), இரண்டையும் பெருக்கி 102ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த சக்தி கிலோவாட்டில் வரும். அதை, மோட்டார் இழுத்த கிலோவாட்டால் வகுத்தால் எஃபிஷியன்சி. அன்று இருந்தது 4.5 லிட்டர், 50 மீட்டர், 4.4 கிலோவாட். கேஜின் உயரம், தண்ணீரின் வேகத்துக்கான வெலாசிட்டி ஹெட் எல்லாம் தனியாகச் சேர வேண்டும், அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். மூன்று எண்களில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது, அல்லது பம்பு உண்மையிலேயே மோசம்.

வாட் கணக்கை முதலில் முடித்துவிட்டேன். கரண்ட்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கிற சிடியின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதம் தப்பாகப் போட்டிருந்தால் எண் இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று வரும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஃப்ளோ மீட்டருக்கு அவர்களிடமே 500 லிட்டர் அளவுத் தொட்டி இருந்தது. ஸ்டாப் வாட்ச்சை எடுத்துக்கொண்டு நின்றால் 111 வினாடி. 4.5 லிட்டர் சரி. மிச்சம் ஹெட்டைக் கொடுக்கிற பிரஷர்.

பம்பை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் பெட்டில் இருந்த அண்ணனுக்கு அறுபது வயது நெருங்கும். பிரஷரைக் கரண்ட்டாக மாற்றி அனுப்புகிற டிரான்ஸ்மிட்டரை நான் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லட்டுங்களா? பக்கத்துல இந்த முள்ளு கேஜ் இருக்குதுங்களே, இது 5.1 காட்டுது. கம்ப்யூட்டரு 5ங்குது. மூணு வாரமா சொல்றேன். முள்ளு பழசுண்ணா, அத விடுங்கன்னுட்டாங்க."

பழைய டயல் கேஜ். 0.2 கிலோவுக்கு ஒரு கோடு, 5.1 என்பது இரண்டு கோட்டுக்கு நடுவில் கண்ணால் பார்த்துச் சொல்கிற கணக்கு. கம்ப்யூட்டரோ 5.003 என்று மூன்று தசமம் காட்டுகிறது. மூன்று தசமத்துக்கு எதிராக ஒரு முள்ளும் ஒரு கிழவரும் என்ன செய்ய முடியும்? நானும் அப்போது "பாத்துரலாம்ணா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

எங்கள் பக்கம் பிரஷர் என்றால் கிலோதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ எடை. "அஞ்சு கிலோ ஏறிருச்சா" என்பார்களே ஒழிய, பார் என்ற அலகை யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரு கிலோ என்றால் பத்து மீட்டர் தண்ணீர். அஞ்சு கிலோவா, 50 மீட்டர். கால்குலேட்டரே வேண்டாம். விவசாயி கேட்கிற "எத்தனை அடி தூக்கும்" என்ற கேள்விக்கு மட்டும் 3.28 போட வேண்டும்.

இப்போது அந்த டிரான்ஸ்மிட்டரிலிருந்து திரைக்கு எண் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. பிரஷர் பூஜ்யமாக இருக்கும்போது டிரான்ஸ்மிட்டர் 4 மில்லிஆம்பியர் கரண்ட்டை அனுப்பும். முழு ரேஞ்சில் 20. பூஜ்யத்துக்கு ஏன் பூஜ்யம் அனுப்பவில்லை என்றால், கம்பி அறுந்தாலும் பூஜ்யம்தானே வரும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். இந்தக் கரண்ட் கன்ட்ரோல் பேனலில் ஒரு 250 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போகும்போது 1 முதல் 5 வோல்ட்டாக மாறும். அந்த வோல்ட்டைத்தான் டேட்டா கார்டு படிக்கிறது. 250 ஓம் நம்மூர் கடைகளில் சட்டென்று கிடைக்காது. 240 அல்லது 270 கொடுப்பார்கள், நல்ல கடையாக இருந்தால் 249. 249ஐப் போட்டுவிட்டு மென்பொருளில் 250 என்றே நினைத்துக்கொண்டிருந்தால் அங்கேயே 0.4 சதவீதம் காணாமல் போகும். அதனால் பேனலைத் திறந்ததும் என் மல்டிமீட்டர் முதலில் தேடுவது அந்த ரெசிஸ்டரைத்தான். இங்கே 249.9 காட்டியது. நல்ல பொருள் போட்டிருந்தார்கள்.

மென்பொருளில் ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது கார்டுக்குள் வருகிற ஒவ்வொரு அளவுக்கும், ஒரு பக்கம் திறக்கும். அதில் நாலு கட்டம். கீழ் வோல்ட், அதற்கான அளவு, மேல் வோல்ட், அதற்கான அளவு. 1 வோல்ட்டுக்கு 0, 5 வோல்ட்டுக்கு 10 என்று போட்டிருந்தது. இந்த இரண்டு புள்ளிகளையும் வைத்து அது ஒரு நேர்க்கோடு போட்டுக்கொள்ளும்: வோல்ட்டை 2.5ஆல் பெருக்கு, 2.5ஐக் கழி. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஐந்தாவதாக ஒரு கட்டம் உண்டு, அலகு. அதில் "கிலோ/சதுர செமீ" என்று இருந்தது.

நான் எப்போதும் சேனலை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பேன். முதலில் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பியில் லூப் கேலிபரேட்டரால் 4, 8, 12, 16, 20 மில்லிஆம்பியரை நானே அனுப்பித் திரையைப் பார்ப்பேன். கம்பி, ரெசிஸ்டர், கார்டு, மென்பொருள் இத்தனையும் இந்தப் பாதியில் வந்துவிடும். அப்புறம் டிரான்ஸ்மிட்டரை மட்டும் தனியாக டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டுவேன். எந்தப் பாதியில் குற்றம் என்று தெரிந்துவிடும்.

முதல் பாதி கண்ணாடி மாதிரி சுத்தம். 12 அனுப்பினால் 5.00, 20 அனுப்பினால் 10.00.

சரி, அப்படியானால் டிரான்ஸ்மிட்டர்தான் குற்றவாளி என்று டெட் வெயிட் டெஸ்டரை இறக்கினேன். இது கொஞ்சம் பழங்காலத்துச் சாமான். எண்ணெய் நிரம்பிய சிலிண்டரில் ஒரு பிஸ்டன் நிற்கும், அதன் தலையில் எடைத் தட்டுகளை அடுக்க வேண்டும். திருகைச் சுற்றி எண்ணெயை அழுத்தினால் ஒரு கட்டத்தில் எடை மொத்தமும் மெல்ல எழும்பி மிதக்கும். அப்போது தட்டை விரலால் லேசாகச் சுழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இத்தனை எடை, இத்தனை பரப்பு, ஆகவே இத்தனை பிரஷர், இடையில் நம்ப வேண்டிய எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. எடைப்பெட்டியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போனதைத் தவிர இதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிரான்ஸ்மிட்டரின் கம்பியைத் திரும்பவும் பேனலில் மாட்டித் திரையையே பார்த்தேன். எடை 2 கிலோ, திரை 1.96. எடை 4, திரை 3.91. 6க்கு 5.87. 8க்கு 7.82. 10க்கு 9.78. இறங்கும்போதும் அதேதான். எடை எதுவும் இல்லாதபோது 0.00.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பிரஷர் கொடுத்து, உண்மையான அளவைத் தட்டி, சரி என்று ஒரு பட்டனை அமுக்கினால் கோட்டைத் தானே திருத்திக்கொள்ளும். பத்தை வைத்து அமுக்கினால் இரண்டே நிமிடத்தில் எல்லாம் 10.00 ஆகிவிடும். சர்டிஃபிகேட் எழுதிக் காசு வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். விரல் பட்டன் வரைக்கும் போனது, உண்மையைச் சொல்கிறேன்.

போகவிடாமல் நிறுத்தியது அந்த வரிசைதான். கெட்டுப்போன சென்சார் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. பூஜ்யம் நகரும், நடுவில் வளையும், ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றும் காட்டும். இது பூஜ்யத்தில் சரியாக நின்றுகொண்டு ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் குறைகிறது. ஒரே விகிதம் என்றால் யாரோ எங்கோ ஒரு எண்ணால் பெருக்க மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பியில் மல்டிமீட்டரை வைத்தேன். 10 கிலோவுக்கு 19.65 மில்லிஆம்பியர்.

பிறகுதான் டிரான்ஸ்மிட்டரைத் திருப்பி, அதன் இடுப்பில் ஒட்டியிருந்த தகட்டில் எண்ணெயைத் துடைத்துப் பார்த்தேன். ரேஞ்ச் 0–10 பார்.

பார். ஒரு கிலோ என்பது 0.980665 பார். 10 கிலோ என்றால் 9.81 பார். டிரான்ஸ்மிட்டர் தன் பாரில் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. மென்பொருளும் தனக்குக் கொடுத்த கோட்டில் சரியாகத்தான் போகிறது. இரண்டு பாதியும் பாஸ். இரண்டும் சேர்கிற இடத்தில், எந்தக் கருவியும் அளக்காத இடத்தில், குற்றம் உட்கார்ந்திருக்கிறது.

மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழைய டிரான்ஸ்மிட்டர் கிலோ ரேஞ்ச். அது செத்துப்போய், புதிது போட்ட அன்றைக்கு யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: "பிரஷர் டிரான்ஸ்மிட்டர் மாற்றப்பட்டது. ரேஞ்ச் 0–10." அவ்வளவுதான். பத்து என்ன என்று இல்லை. பழசும் பத்து, புதுசும் பத்து. மென்பொருளிலும் பத்து. யாரைத் திட்டுவது? ரேஞ்ச் 0–16 என்று வந்திருந்தால் அன்றே கட்டங்களை மாற்றியிருப்பார்கள், அலகையும் பார்த்திருப்பார்கள்.

இந்த இரண்டு சதவீதத் தப்புகள்தான் எனக்கு எப்போதும் பயம். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்கிற பிஎஸ்ஐயைக் கிலோ என்று போட்டால் எண் பதினான்கு மடங்கு எகிறும், வாட்ச்மேனே சொல்லிவிடுவார். கிலோ, பார், அட்மாஸ்பியர் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. ஒரு அட்மாஸ்பியர் 1.013 பார், அதுவே 1.033 கிலோ. தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் நம்பவில்லை. "சாஃப்ட்வேர்லயே கிலோன்னு போட்டிருக்குதுங்களே. அது மாத்திக்காதுங்களா?" என்றார். இது எல்லாரும் கேட்கிற கேள்வி, கேட்பதில் தப்பும் இல்லை. அலகை மாற்றினால் எண்ணையும் மாற்றித் தருகிற மென்பொருள்கள் உண்டு. இது அப்படி இல்லை. வாயால் சொல்லிப் புரிய வைக்க எனக்கு வராது. ஐந்தாவது கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு "தேங்காய்" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். பம்பை ஓடவிட்டால் பெரிய திரையில் பச்சை எழுத்தில் "5.00 தேங்காய்". அண்ணன் சிரித்த சிரிப்பு ஷெட் முழுக்கக் கேட்டது. முதலாளி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இம்பெல்லர் பாலிஷுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கணக்குப் பிள்ளையைக் கேட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், ஆனால் என் மனதில் ஒரு முள். 9.81 வர வேண்டிய இடத்தில் வந்தது 9.78. இந்த டிரான்ஸ்மிட்டரின் தப்பு எல்லை ரேஞ்சில் 0.25 சதவீதம், அதாவது 0.025 பார். 0.03 அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் எல்லாப் படியிலும் அதே விகிதம் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் உறுத்தியது. டீ குடிக்கப் போன இடத்தில் பெட்டியிலிருந்து என் டெட் வெயிட் டெஸ்டரின் சர்டிஃபிகேட்டை எடுத்துப் பிரித்தேன். இத்தனை வருடம் கூடவே கொண்டு திரிந்த காகிதம். அதில் ஒரு வரி: எடைகள் 9.80665 என்ற ஸ்டாண்டர்ட் புவியீர்ப்புக்குச் சரி பார்க்கப்பட்டவை.

கோயம்புத்தூரில் புவியீர்ப்பு அவ்வளவு கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், வடக்கே 11 டிகிரி. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல். இரண்டும் சேர்ந்து இங்கே சுமார் 9.781. அதாவது 0.26 சதவீதம் குறைவு. என் 10 கிலோ எடை இங்கே 9.974 கிலோ பிரஷரைத்தான் கொடுக்கும். பாரில் சொன்னால் 9.781. திரையில் வந்த எண் எதுவோ அதுவேதான். ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து கிலோவை வைத்தால் பாரில் வரும் எண் அந்த ஊரின் புவியீர்ப்பு எண்ணாகவே இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த டிரான்ஸ்மிட்டர்தான் குற்றவாளி என்று நான் நினைத்திருந்தேன். அது ஊரின் புவியீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது, தப்பு என் பெட்டியில் இருந்தது. இதற்கு முன் எத்தனை இடத்தில் இந்தத் திருத்தத்தைப் போடாமல் சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே டீயை ஆறவிட்டுவிட்டேன். அந்தப் பட்டியல் இப்போது என்னிடம் இருக்கிறது, ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் திருத்து பட்டனை அமுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்த்தேன். மேல் அளவு 10.22 என்று ஆகியிருக்கும். ஏன் 10.22 என்று யாருக்கும் தெரியாது. என் எடையின் தப்பும் உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த வருடம் வருகிறவர் தகட்டைப் பார்த்து, "இதென்ன கிறுக்குத்தனம்" என்று அதை 10 ஆக்கிவிட்டுப் போயிருப்பார்.

நான் செய்தது வேறு. சேனலில் 1 வோல்ட்டுக்கு 0, 5 வோல்ட்டுக்கு 10 என்பதை அப்படியே விட்டேன். அலகை மட்டும் பார் ஆக்கினேன், தகட்டில் உள்ளபடி. கீழே தனியாக ஒரு கணக்கு வரி சேர்த்து, 1.0197ஆல் பெருக்கிக் கிலோ என்று காட்ட வைத்தேன். ஹெட் கணக்கு அந்த வரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். 10 கிலோ எடைக்கு இப்போது திரையில் 9.78 பார், அதன் கீழே 9.97 கிலோ. அப்புறம் ரிப்போர்ட் ஃபைலில் வோல்ட்டையும் ஒரு பத்தியாகச் சேமிக்கச் சொன்னேன். இதுவரை அவர்கள் வெறும் கிலோவைத்தான் சேமித்தார்கள். இந்த முறை தப்பு ஒரே விகிதமாக இருந்ததாலும், ரிஜிஸ்டரில் தேதி இருந்ததாலும், டிரான்ஸ்மிட்டர் மாற்றிய நாளிலிருந்து எல்லா ரிப்போர்ட்டையும் உட்கார்ந்து திருத்த முடிந்தது. திருத்துவதற்கு முன் இருந்த எண்களை நான் தனியாக எழுதி வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. நிறையப் பேர் அதை எழுதாமல் நேராகத் திருத்திவிடுவார்கள்.

பம்பை மறுபடி ஓட்டினோம். 51.1 சதவீதம்.

இன்னொன்றும் சொன்னேன். ஒரு கிலோவுக்குப் பத்து மீட்டர் என்பது நாலு டிகிரி தண்ணீருக்கு, ஸ்டாண்டர்ட் புவியீர்ப்புக்கு. 30 டிகிரியில், இந்த ஊர்ப் புவியீர்ப்பில் அது 10.07 மீட்டர். அதோடு ஒரே சம்ப்புத் தண்ணீர் நாள் முழுக்கச் சுற்றுவதால் சாயங்காலம் அது வெந்நீர் மாதிரி ஆகி அடர்த்தி இன்னும் குறையும். முதலாளி கை எடுத்துக் கும்பிட்டார். "எல்லாரும் பத்துன்னுதானுங்க போடறாங்க. நாம மட்டும் ஏனுங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்தாகவே விட்டுவிட்டு, ரிப்போர்ட்டின் அடியில் பத்து என்று எடுத்துக்கொள்ளப்பட்டது என ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தேன்.

கிளம்பும் முன் மென்பொருளில் இருக்கும் "ஜீரோ" பட்டனுக்கு பாஸ்வேர்டு போட்டேன். பம்பு நின்ற பிறகும் டெலிவரி பைப்பில் தண்ணீர் நிற்கும். கேஜுக்கு மேலே மூன்று மீட்டர் நின்றால் 0.3 கிலோ காட்டும், காட்டத்தான் வேண்டும். அதைப் பார்த்து "பூஜ்யம் வரல" என்று யாராவது அமுக்கினால் அந்த 0.3 அன்றைய எல்லாச் சோதனையிலும் காணாமல் போகும். வேறொரு இடத்தில் இதைவிட அழகு. அங்கே வாங்கிப் போட்டது அப்சலூட் டிரான்ஸ்மிட்டர், அதாவது காற்றின் பிரஷரையும் சேர்த்து அளப்பது. சும்மா மேஜையில் வைத்தாலே 0.96 பார் காட்டுகிறது, கோயம்புத்தூர்க் காற்று அவ்வளவுதான். புதுசே பழுது என்று இரண்டைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எடைகளைப் பெட்டியில் அடுக்கும்போது அண்ணன் அந்த முள் கேஜைக் கழற்றிக் கையில் கொண்டுவந்தார். "இதுக்கும் ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடுங்க தம்பி. இனிமே யாரும் பழசுன்னு சொல்லக் கூடாது."

திரும்பவும் எல்லாவற்றையும் இறக்கி மாட்டினேன். எடை எதுவும் இல்லாதபோதே முள் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. 2 கிலோவில் சுமார் 0.1 அதிகம். 4லிலும் 6லும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 8 கிலோவில் 0.2 குறைவு. அப்படியே சொன்னேன்.

அண்ணன் கேஜை வாங்கிச் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். "எட்டுக்கெல்லாம் நம்ம பம்பு போவாதுங்க" என்று சொல்லிக்கொண்டே அதை இருந்த இடத்திலேயே திருகி மாட்டினார்.